காணிக்கையும் அதைப் பெறும் கைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டத் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகையும், ஆலய அர்ப்பணிப்பு நாளான பிரதிஷ்டைப் பண்டிகையும் நடைபெறும் காலங்களில் அச்செய்திகளைத் தங்கள் நாளிதழ் வெளியிட்டு வருவதற்கு முதலில் நன்றி கூறுகிறேன். யார் தலைமை தாங்கினார், யார் பிரசங்கித்தார், அசனம் என்னும் பொது விருந்தில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்பவை அச்செய்திகளில் இடம்பெறுகின்றன. அவை செய்திக்குரியவையே. ஆனால் அந்தப் பண்டிகைகளில் பிரசங்க பீடத்திலிருந்து காணிக்கையைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கேட்கும்போது, தேவனுடைய பொருளைப் பொறுப்போடு கையாளுவதாகிய கிறிஸ்தவ உக்கிராணத்துவம் என்பது கொடுப்பவருடைய கடமையாக மட்டும் சுருங்கிவிட்டதோ என்ற ஐயம் எனக்கு நெடுங்காலமாக உண்டு. உற்சாகமாகக் கொடு, தாராளமாகக் கொடு, பத்தில் ஒன்றைக் கொடு என்று கொடுப்பவருக்குச் சொல்ல நம்மிடம் நிறைய இருக்கிறது. பெறுபவர், அவர் ஏழையாயினும் சபையாயினும் ஊழியராயினும், எத்தகைய மனத்தோடு பெற வேண்டும் என்பதைப் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே சொல்லப்படுவதில்லை. வேதாகமமோ இவ்விரண்டையும் சேர்த்தே பேசுகிறது. அவ்வாறு விடுபட்டுப்போன பாதியைக் குறித்துத் தங்கள் வாசகர்களோடு சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அறுப்பின் பண்டிகையை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சபையார் தங்கள் விளைச்சலின் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். நெல், வாழைத்தார், தேங்காய், பூசணிக்காய், கருப்பட்டி, நாட்டுக்கோழி, ஆட்டுக்குட்டி என்று வீட்டுக்கு வீடு அது வேறுபடும். இப்போது வயல் இல்லாதவர்கள் கடையில் வாங்கிய பழத்தையும் கொண்டுவருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் இவை ஆலய வளாகத்தில் ஏலம் விடப்படும். ஒரு கோழிமுட்டை சந்தையில் அதற்குள்ள விலையைப் போலப் பல நூறு மடங்குக்குக் கேட்கப்படுவதும், ஏலம் எடுத்தவரே அதை மீண்டும் படைக்க, அது இன்னொரு முறை ஏலத்துக்கு வருவதும் வழக்கம். இதை நான் குறைகூற மாட்டேன். முதிய பெண்மணி ஒருவர் கொண்டுவந்த முட்டைக்குச் சபை முழுவதும் சேர்ந்து விலை ஏற்றுவதில் ஒரு கள்ளமற்ற மகிழ்ச்சி இருக்கிறது. சிறு காணிக்கை சிறியதாக நின்றுவிடக் கூடாது என்று சபை தானாகவே கண்டுபிடித்த வழி அது. ஆனால் அதே ஏலம் இரண்டு குடும்பங்களுக்கிடையே உள்ள பழைய போட்டிக்குக் களமாகும்போது, ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் மீண்டும் மீண்டும் முழங்கும்போது, படைத்தவரும் மறக்கப்படுகிறார், யாருக்குப் படைக்கப்பட்டதோ அவரும் மறக்கப்படுகிறார். வெளியூரில் சம்பாதித்து வந்தவர் பத்தாயிரத்துக்கு எடுத்த அதே பூசணிக்காயை நடவு வேலைக்குப் போகும் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

தர்மம் செய்யும்போது உனக்கு முன்பாகத் தாரை ஊதுவியாதே என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னார். வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்பதும் அதே இடத்தில்தான் வருகிறது. இவ்வசனங்களை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த நாம், ஆலயத்தின் மின்விசிறியிலும் நாற்காலியின் முதுகிலும் சலவைக்கல் பலகையிலும் உபயதாரர் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறோம். பெயரைப் போட்டால்தான் கொடுக்கிறார்கள் என்பது கமிட்டியில் இருப்பவர்கள் சொல்லும் நடைமுறைக் காரணம். அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் நாம் திரட்டுவது காணிக்கை அன்று, விளம்பரக் கட்டணம் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

உக்கிராணத்துவத்தின் அடிப்படையே இந்தப் பெருமைக்கு இடமில்லாமல் செய்வதாகும். தாவீது ராஜா, தன் மகன் கட்டப்போகும் ஆலயத்துக்காகப் பொன்னையும் வெள்ளியையும் திரட்டிய பின் செய்த ஜெபம் முதலாம் நாளாகமம் 29-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அத்தனை செல்வத்தைக் கொடுத்த அரசன் அங்கே, ‘எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்’ என்று சொல்கிறான். கொடுப்பவன் முதலில் வாங்கியவன் என்பதே அந்த ஜெபத்தின் சாரம். உக்கிராணக்காரன் பொருளுக்கு உரிமையாளன் அல்லன். உரிமையாளருடைய பொருளை அவருடைய விருப்பப்படி செலவிட நியமிக்கப்பட்டவன். இதை ஒப்புக்கொண்டால் இரண்டு விளைவுகள் உடனே தொடர்கின்றன. கொடுத்ததற்காகப் பெருமை கொள்ள வழியில்லை என்பது ஒன்று. மற்றது நமக்கு அவ்வளவாக உவப்பானதன்று: பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மீதி ஒன்பதும் என்னுடையது என்று சொல்லவும் முடியாது. அந்த ஒன்பதை எப்படிச் சம்பாதித்தோம், வேலையாளுக்குக் கூலியை நேரத்தில் கொடுத்தோமா, வட்டி எவ்வளவு வாங்கினோம் என்பவையும் கணக்கில் வரும். புதினாவுக்கும் சீரகத்துக்கும் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகம் செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களை மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொள்வதும் இதனாலேயே.

தசமபாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மல்கியாவின் மூன்றாம் அதிகாரத்தை மட்டுமே எடுக்கிறார்கள். வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வாக்குத்தத்தம் அங்கே இருக்கிறது. ஆனால் உபாகமம் 14-ஆம் அதிகாரம், மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தை ஊரிலேயே வைத்து, ஆலய ஊழியக் குலத்தவனான லேவியனும் அயலானாகிய பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அதாவது, யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தொலைக்காட்சியில், இந்த வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் விதையுங்கள், நூறு மடங்காக அறுப்பீர்கள் என்று சொல்பவர்கள் உபாகமத்தின் அந்தப் பகுதியை வாசித்து நான் கேட்டதில்லை. கொடுப்பதை முதலீடாகவும் தேவனை வட்டி கொடுப்பவராகவும் மாற்றும் இந்தப் போதனை, கடன்பட்டு நிற்கும் குடும்பங்களையே அதிகமாக ஈர்க்கிறது என்பது அதன் கொடுமை.

கொடுத்தலும் பெறுதலும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் நமக்குக் கிடைக்கும் முழுமையான சான்று, எருசலேமின் ஏழைக் கிறிஸ்தவர்களுக்காக அப்போஸ்தலர் பவுல் திரட்டிய பணமாகும். ஞாயிறு காணிக்கை நேரத்தில், ‘உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்’ என்ற வரியை நாம் அனைவரும் கேட்கிறோம். ஆனால் இரண்டாம் கொரிந்தியரின் 8, 9 ஆகிய இரு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்தால், அந்த வரி ஒரு பெரிய, பல ஆண்டுகள் நீண்ட முயற்சியின் நடுவில் எழுதப்பட்டது என்பது விளங்கும். மக்கெதோனியாவின் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்தன. அவர்களிடம் பவுல் வற்புறுத்திக் கேட்கவில்லை. இந்தத் தர்மப் பணியில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவர்களே அவரை மிகவும் வேண்டிக்கொண்டார்கள். கொரிந்து சபையோ வசதியானது. வாக்குக் கொடுத்து ஓராண்டு ஆகியும் முடிக்கவில்லை. வசதியுள்ளவர்கள் தயங்குவதும் வறியவர்கள் முந்துவதும் எக்காலத்துக்கும் பொதுவான காட்சி போலும்.

அங்கே பவுல் முன்வைக்கும் நியாயம் கவனிக்கத்தக்கது. மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சமநிலை உண்டாக வேண்டும் என்கிறார். இக்காலத்தில் உங்கள் செல்வம் அவர்களுடைய குறைவைத் தீர்க்கட்டும், பின்னொரு காலத்தில் அவர்களுடைய செல்வம் உங்கள் குறைவைத் தீர்க்கும் என்கிறார். ரோமருக்கு எழுதும்போது இன்னும் ஒரு படி மேலே போய், யூதரல்லாத புறஜாதிச் சபைகள் எருசலேமுக்குக் கடன்பட்டிருக்கின்றன, ஞானநன்மைகளை அங்கிருந்து பெற்றவர்கள் சரீர நன்மைகளால் அவர்களுக்கு உதவுவது கடமை என்று எழுதுகிறார். கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும் பெறுபவர் என்றும் பெறுபவராகவும் நின்றுவிடும் அமைப்பை இது ஏற்கவில்லை. இன்று கொடுக்கும் கையே முன்பு பெற்ற கை. நாளை மீண்டும் பெறவும் கூடும்.

இனி, நான் மிகவும் வியந்து திரும்பத் திரும்ப வாசிக்கும் பகுதிக்கு வருகிறேன். ரோமர் 15-ஆம் அதிகாரத்தின் இறுதியில் பவுல் தமக்காக ஜெபிக்கும்படி கேட்கிறார். யூதேயாவிலுள்ள எதிரிகளுக்குத் தப்ப வேண்டும் என்பது முதல் விண்ணப்பம். அதை நாம் புரிந்துகொள்கிறோம். அடுத்த விண்ணப்பம், எருசலேமிலுள்ள பரிசுத்தவான்களுக்குத் தாம் செய்யும் தர்மசகாயம் அவர்களால் அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பது. பசியோடிருப்பவர்கள் பணத்தை ஏற்றுக்கொள்வார்களோ மாட்டார்களோ என்று கொண்டுபோகிறவர் அஞ்சுகிறார்! விருத்தசேதனம் இல்லாத, வேறு இனத்தைச் சேர்ந்த, தங்கள் பார்வையில் தாழ்ந்த மக்களிடமிருந்து வரும் பணத்தை எருசலேம் சபை பெற்றுக்கொள்வது என்பது, அந்த மக்களைச் சகோதரர்கள் என்று ஏற்றுக்கொள்வதற்குச் சமம். ஆகவே அங்கே கொடுப்பதற்குத் தேவைப்பட்ட தாராளத்தைவிடப் பெறுவதற்குத் தேவைப்பட்ட தாழ்மை பெரிது. அந்தப் பணம் எப்படி வரவேற்கப்பட்டது என்பதை அப்போஸ்தலருடைய நடபடிகள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 24-ஆம் அதிகாரத்தில், என் ஜனத்தாருக்குத் தர்மப்பணத்தை ஒப்புவிக்க வந்தேன் என்று பவுல் தேசாதிபதியின் முன் கூறுவதோடு சரி. சாதி பார்த்துத் தண்ணீர் வாங்கிக் குடித்த வரலாறுள்ள நம் மண்ணில் இந்தப் பகுதிக்கு உரை தேவையில்லை. இன்றும் யார் வீட்டில் கை நனைப்பது, யார் சமைத்ததை உண்பது என்ற கணக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களிடையேயும் முற்றிலும் ஒழியவில்லை. அசனத்தின் அருமையே அங்கேதான் இருக்கிறது: எல்லாரும் கொண்டுவந்த அரிசி ஒரே அண்டாவில் வெந்து, எல்லாருடைய இலையிலும் ஒரே சோறாக விழுகிறது, யாருடைய அரிசி யாருடைய இலையில் என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பெறுவது இழிவு என்ற எண்ணம் தமிழர்களாகிய நமக்கு ஆழமாக ஊறியது. ‘நல்லாறு எனினும் கொளல்தீது மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று’ என்று வள்ளுவர் பாடினார். மேலுலகம் கிடைக்காது என்றாலும் கொடு என்ற இரண்டாம் அடி, கைம்மாறு கருதிக் கொடுக்கச் சொல்லும் தொலைக்காட்சிப் பிரசங்கங்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் தள்ளிவிடும் உயர்ந்த வாக்கு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. முதல் அடியில்தான் கிறிஸ்தவ விசுவாசம் சற்று விலகி நிற்கிறது. ‘உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?’ என்று பவுல் கொரிந்தியரைக் கேட்கிறார். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம் என்று அறிக்கையிடும் சமயத்தில், பெறுதல் தீமையாக இருக்க இயலாது, அதுவே தொடக்கம். வாங்குகிறதைப் பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம் என்ற இயேசுவின் வாக்கு வாங்குவதைப் பழிப்பதன்று. அவரே வாங்கினார். ஏரோதின் காரியக்காரனுடைய மனைவி யோவன்னாளும் சூசன்னாளும் வேறு பல பெண்களும் தங்கள் ஆஸ்திகளால் அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். சமாரிய ஸ்திரீயிடம் அவர் தண்ணீர் கேட்டார். மறுபுறம், தம் கால்களைக் கழுவ விடமாட்டேன் என்று மறுத்த பேதுரு பெற்றுக்கொள்ளக் கற்க வேண்டியிருந்தது. கொடுக்க மட்டுமே தெரிந்த, எதையும் யாரிடமும் பெற மறுக்கிற மனிதர்கள் நம் சபைகளிலும் உண்டு. அவர்களை நாம் பெருந்தன்மையானவர்கள் என்கிறோம். அவர்களில் சிலரிடம் இருப்பது தாராளம் அன்று, யாருக்கும் கடன்படாமல் இருக்க வேண்டும் என்ற அகந்தையே என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் மண்ணின் வரலாறு இதற்கு ஒரு தெளிவான பாடம் வைத்திருக்கிறது. திருநெல்வேலித் திருச்சபை நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெளிநாட்டுச் சங்கங்களின் பணத்தையும் ஊழியர்களையும் பெற்று வளர்ந்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் அவ்வாறு வந்தவையே. அந்த நன்றியை நாம் மறுக்கக் கூடாது. ஆயினும் 1903-ஆம் ஆண்டு, அந்தத் திருச்சபையார் தங்கள் சொந்தக் காணிக்கையைக் கொண்டு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தெலுங்கு நாட்டின் தோர்னக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு பிறந்த வே. ச. அசரியா. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த ஒரு சபை, நாங்கள் ஏழைகள், எங்களுக்கு இன்னும் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க எல்லா நியாயமும் இருந்த காலத்தில், கொடுக்கும் சபையாக மாற முடிவு செய்தது. 1912-இல் அசரியா தோர்னக்கலின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1910-இல் எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை கொடுப்பவர்களின் முகத்துக்கு நேரே பேசப்பட்டது. மிஷனெரிமார்களின் தியாகத்துக்கு இந்தியத் திருச்சபை என்றும் நன்றி செலுத்தும் என்று கூறிவிட்டு, ஏழைகளைப் போஷிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் முடித்தார். அன்பில்லாமல் ஆஸ்தி முழுவதையும் கொடுத்தாலும் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்ற 1 கொரிந்தியர் 13-ஐ, கொடுத்தவர்களிடமே திருப்பி வாசித்துக் காட்டினார் அவர். அரங்கில் பலருக்கு அது கசப்பாக இருந்தது. பெறுபவர் நன்றியோடு இருக்கவும் வேண்டும், அதே வேளையில் நிமிர்ந்து உண்மை பேசவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நன்றி என்பது வாயை மூடிக்கொள்வதன்று.

ஏழைகள் பெறுவதற்கு மட்டுமே உரியவர்கள் என்ற எண்ணத்தைப் பிடியரிசிக் காணிக்கை எப்போதோ உடைத்துவிட்டது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடும் இவ்வழக்கம் நம் கிராமச் சபைகளில் தாய்மார்களால் காக்கப்பட்டது. மிசோரம் மாநிலத்திலும் 1910 முதல் பெண்கள் இதே முறையில் அரிசி திரட்டி, தங்கள் திருச்சபையின் ஊழியங்களுக்குப் பெரும் ஆதாரமாக ஆக்கியிருக்கிறார்கள். இதன் சிறப்பு ஒன்று உண்டு: எடுக்கப்படும் பிடி அந்த வேளைச் சாப்பாட்டிலிருந்து எடுக்கப்படுவது, மிஞ்சியதிலிருந்து அன்று. அன்றைக்குப் பிடியரிசி கொடுத்தவளே அடுத்த மாதம் தன் பிள்ளையின் மருத்துவச் செலவுக்குச் சபையின் ஏழைகள் நிதியை நாடி வந்தால், அவள் பிச்சை கேட்பவளாக வரவில்லை. தானும் இட்டுவைத்த பொதுக் கலயத்திலிருந்து பெற வருகிறாள். அந்த வேறுபாட்டைக் கொடுக்கும் அதிகாரத்தில் இருப்பவர்கள் உணர்ந்தால், அலுவலகத் திண்ணையில் அவளைக் காக்க வைக்க மாட்டார்கள்.

இங்கே ஏழை விதவையின் இரண்டு காசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டுவிட்டாள் என்று சொல்லி, நம்மையும் அப்படியே கொடுக்கச் சொல்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்தில் அந்த நிகழ்ச்சிக்கு முந்திய வரிகளை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. நீண்ட அங்கிகளைத் தரித்து, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகராகிய சட்ட அறிஞரைக் குறித்து அங்கே இயேசு எச்சரிக்கிறார். அதை முடித்தவுடன் விதவை வருகிறாள். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், அவளுடைய காசுகள் போய்ச் சேர்ந்த அந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராதபடி இடிக்கப்படும் என்கிறார். கொடுத்தவளைப் புகழ்ந்த அதே வாய், வாங்கிய அமைப்பின் மேல் தீர்ப்புக் கூறுகிறது. எனவே விதவையைக் காட்டிக் காணிக்கை கேட்கும் ஒவ்வொரு சபையும், அவளுடைய காசுகளைப் பெறத் தகுதியுள்ள பெட்டியை வைத்திருக்கிறோமா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். திருச்சபைச் சொத்துகளும் தேர்தல்களும் நீதிமன்றப் படியேறுவது வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. காணிக்கைப் பணத்தில் ஒரு பங்கு வழக்குரைஞர் கட்டணமாகப் போகிறது என்பது, பிடியரிசி எடுத்துவைத்தவளுக்கு எவரும் அறிவிக்காத செய்தி.

பவுல் இதிலும் முன்மாதிரி. அத்தனை சபைகளின் நம்பிக்கையைப் பெற்றிருந்த அவர், இந்தப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோக மறுத்தார். நீங்கள் யாரைத் தகுதியுள்ளவர்கள் என்று குறிக்கிறீர்களோ அவர்களிடம் நிருபங்கள் கொடுத்து அனுப்புவேன் என்று கொரிந்தியருக்கு எழுதினார். தீத்துவோடு கூட, சபைகளாலேயே தெரிந்துகொள்ளப்பட்ட ஒரு சகோதரனையும் சேர்த்தார். இந்த மிகுதியான பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு இப்படிச் செய்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்பது அவர் தந்த விளக்கம். கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் கூறுவார்கள்? தேவனுக்குத் தெரியும் என்பது அப்போஸ்தலனுக்கே போதவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்களின் பொதுப் பெட்டியில் மாதந்தோறும் அவரவர் விரும்பியதைக் கட்டாயமின்றி இடுகிறார்கள் என்றும், அது விருந்துகளுக்குச் செலவழிக்கப்படாமல் ஏழைகளைப் போஷிக்கவும் அடக்கம் செய்யவும், பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் கப்பற்சேதத்தில் அகப்பட்டவர்களுக்கும் பயன்படுகிறது என்றும் புறமதத்தாருக்கு எடுத்துரைத்தார். எங்கே போகிறது என்பதை வெளியாருக்கும் சொல்லும் துணிவு அன்றைய சபைக்கு இருந்தது.

அவருடைய பட்டியலில் ஏழைகளின் அடக்கம் இருப்பதைக் கண்டபோது, இன்று சில சபைகளில் சங்கக் காணிக்கை பாக்கியைத் தீர்த்தால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று, துக்க வீட்டாரிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்டுவது நினைவுக்கு வந்தது. நிர்வாகத்துக்குச் சந்தா தேவை. வாக்காளர் பட்டியலுக்கு ஓர் அளவுகோல் தேவை. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று எழுதப்பட்டதைப் பிணத்தை வைத்துக்கொண்டு வசூலிப்பவர்களால் எந்த முகத்தோடு மறு ஞாயிறு வாசிக்க முடிகிறது?

பெறுபவருடைய மானத்தைக் காக்கும் நுட்பம் நியாயப்பிரமாணத்திலேயே இருக்கிறது. பிறனுக்குக் கடன் கொடுத்தால் அடகு வாங்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவரட்டும் என்கிறது உபாகமம் 24. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் விடு என்று லேவியராகமம் சொல்வதும் அத்தகையதே. ரூத் யாருடைய வாசலிலும் கையேந்தி நிற்காமல், தானே பொறுக்கி, தானே தட்டி, தன் மாமியாருக்குக் கொண்டுபோனாள். நாமோ கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு சேலையைக் கொடுக்க நான்கு பேர் பிடித்துக்கொண்டு, பெறுபவரைப் புகைப்படக் கருவியைப் பார்க்கச் சொல்கிறோம். அந்தப் படங்களை அனுப்பிவைப்பதை நிறுத்தும்படி திருச்சபையாரிடமும், வந்தாலும் பெறுபவர் முகத்தை வெளியிடாதிருக்கும்படி தங்களிடமும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெறுபவருக்கும் பொறுப்புகள் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. குறையை உள்ளபடி சொல்வது, தன்னைவிட வறியவர் இருந்தால் அவருக்கு வழிவிடுவது, நிலை மாறியதும் பட்டியலிலிருந்து தானாகவே விலகுவது ஆகியவை அவை. விதவைகள் பட்டியலில் அறுபது வயதுக்குக் குறையாதவர்களைச் சேர்க்கவும், பிள்ளைகள் உள்ளவர்களை முதலில் அந்தப் பிள்ளைகளே ஆதரிக்கவும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் விதி வகுத்தது இதற்காகவே. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நன்றிக் கடிதம் பெறும் கலைக்கு இலக்கணம் எனலாம். சிறையிலிருந்து எழுதுகிறார், வந்த உதவி அவருக்குத் தேவைப்பட்டது. இருந்தும் குழைவு இல்லை, குறைத்துப் பேசுவதும் இல்லை. வரவிலும் செலவிலும் உங்களைத் தவிர வேறொரு சபையும் என்னோடு உடன்படவில்லை என்று அவர்களுடைய பழைய உதவிகளை ஊர் பெயரோடு நினைவுகூர்கிறார். உபகாரத்தை நான் நாடவில்லை, உங்கள் கணக்குக்குப் பலன் பெருகுவதையே நாடுகிறேன் என்கிறார். கொடுத்தவருடைய நன்மையைக் கருதிப் பெறுவது எத்துணை உயர்ந்த நிலை!

இவ்வளவும் எழுதியபின், பல சபைகள் சேர்ந்த சேகரங்களின் கமிட்டிகளில் பொறுப்பிலிருக்கும் தங்கள் வாசகர்களிடம் நடைமுறையில் உடனே செய்யத்தக்க சிலவற்றை முன்வைக்கிறேன். மாதாந்திர வரவு செலவைக் கூட்டுத்தொகையாக மட்டும் வாசிக்காமல், இனவாரியாக எழுதி ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஏழைகள் நிதியில் பெற்றவர்களின் பெயரைத் தவிர்த்து, தொகையையும் நோக்கத்தையும் மட்டும் குறிக்கலாம். ஏலத்தில் தொகையை அறிவிப்பது தவிர்க்க முடியாததென்றால், ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியலைத் தொகை வரிசையில் அச்சிடுவதையாவது நிறுத்தி அகர வரிசைக்கு மாற்றலாம். ஏழைகள் நிதியைப் பங்கிடும் குழுவில், அந்நிதியிலிருந்து முன்பு உதவி பெற்ற ஒருவரேனும் உறுப்பினராக இருக்கட்டும். எது மனத்தைப் புண்படுத்தும் என்பது அவருக்கே தெரியும். அடக்கத்துக்குச் சந்தா பாக்கி தடையாகாது என்று தீர்மானம் நிறைவேற்ற அடுத்த கமிட்டிக் கூட்டமே போதும். அதற்கு மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இவற்றில் எதையேனும் ஏற்கெனவே நடைமுறைப்படுத்தியுள்ள சபைகள் தங்கள் அனுபவத்தை இப்பகுதிக்கு எழுதினால், என்னைப் போன்ற பலருக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.